கத்தரின் அம்மாளின் ஆடைக் கரை

பலெர்மோ
11.02.2024

அன்புத் தங்கச்சி ஈசு அறிய அண்ணா எழுதுவது. நானும் நாகபூசணியும் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருக்கிறோம். உன் முழங்கால் எப்படி, உன் பெடியன் விதுரன் ஒழுங்காகப் படிக்கப் போகிறானா என்று எழுது.

போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடம் சண்டை, நான்காவது நிமிடம் நீ டக்கென்று வைத்துவிடுவாய். “இனிமேல் எழுதுங்கோ அண்ணா, எழுத்தில கத்தேலாது” என்று தைப்பொங்கலுக்குச் சொன்னாய். சரி, எழுதுகிறேன்.

வேலை அதே ஸ்ஃபெர்ராகவால்லோ ரெஸ்டோரன்ட்தான். ஒரேத்தோவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், கணவாய்க் குடலுக்கும் சிப்பி ஓட்டுக்கும் நடுவில் பத்து மணித்தியாலம் நிற்கிறேன். சாப்பிடுகிற ஆட்கள் சிகரெட்டைச் சிப்பிக்குள் குத்தி அணைப்பார்கள். பிள்ளை கக்கினதைத் துடைத்த கடதாசியைக் கிளாசுக்குள் திணித்து வைப்பார்கள். எல்லாம் என் தொட்டிக்குத்தான் வரும். முப்பது வயது வரைக்கும் பவுண் பிடித்த கை ஈசு, இப்போது எந்த எலுமிச்சம்பழத்துக்கும் போகாத நாற்றம் பிடித்த கை. என் பெர்மெஸ்ஸோவில், அதுதான் இங்கே இருக்க விடுகிற விசாப் பேப்பரில், தொழில் என்ற இடத்தில் ‘லவாபியாத்தி’ என்று இருக்கிறது. கோப்பை கழுவுகிறவன். இருபத்திரண்டு வருடமாக அதைப் புதுப்பித்துப் புதுப்பித்துத் தருகிறார்கள்.

இப்போது ஒரு சின்ன நல்ல விசயம். எங்களிடம் சாப்பிட வருகிற ஒருவர் பழஞ்சாமான் வியாபாரி. கோட் போட்டவன் எல்லாரையும் இங்கே தொத்தோரே என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் தொத்தோரே. கடல்முள்ளி என்றொரு சாமான் இருக்கிறது, அதை உயிரோடு பிளந்து சிவப்புச் சளி மாதிரி உள்ளதை விரலால் வழித்து நக்குவார். பார்த்தால் ஓங்காளிக்கும். அன்றைக்கு அவருடைய மனுசியின் சங்கிலிக் கொழுக்கி அறுந்துவிட்டது. நான் முள்ளுக்கரண்டியை வளைத்து அங்கேயே பூட்டிக் கொடுத்தேன். ஆள் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது ஒரு கோயில் கிண்ணத்தில் தேய்ந்துபோன சித்திரத்தைத் திரும்ப வெட்டித் தரச் சொல்கிறார்.

உன்னை மியூசியத்தில் செப்புத் தகட்டுப் படங்கள் இருக்கிற அறைக்குக் காவலுக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னாயே. அதுகளை வெட்டின பழைய ஜெர்மன்காரரின் கோடுகளைப் படம் எடுத்து அனுப்பு. முழுப் படம் வேண்டாம், கோடு மட்டும். மூக்கு முட்டுகிற கிட்டத்தில். கழுவுவித்துக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு, போனில் அனுப்பாதே. போனில் சின்னதாகத் தெரிகிறது.

குளிருக்குக் காலுக்குக் கம்பளி மேசு போடு.

அன்பு அண்ணா
அருளம்பலம்

*

நியூரம்பேர்க்
03.03.2024

அன்புள்ள அண்ணாவுக்கு ஈசு. என் முழங்கால் மழைக்கு அழும், வெயிலுக்கு மறக்கும். விதுரன் படிப்பதாகச் சொல்கிறான், நானும் நம்புவதாகச் சொல்கிறேன். அண்ணியின் இடுப்பு வலி எப்படி?

பதினான்கு படம் வைத்திருக்கிறேன். இதற்காக நான் பட்ட பாடு! கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றபோது, படங்களுக்குப் பொறுப்பான ஃபிராவ் ஹோல்ஸர் பின்னால் வந்து நிற்கிறா. என் வேலைக்கு இன்றோடு மங்களம் என்று நினைத்தேன். மனுசி ஏசவில்லை. உள்ளே போய் ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவந்து தந்தா.

அண்ணா, உங்களுக்கு ஒன்று தெரியுமோ? இந்தப் படங்களை வெட்டினவங்கள் பத்தர்மார்! ஓம், எங்கட ஆக்கள்! ஐந்நூற்றி எழுபது எண்பது வருடத்துக்கு முன்னம், பவுண் கிண்ணத்திலும் வெள்ளித் தட்டிலும் பூவும் கொடியும் வெட்டிக்கொண்டிருந்தவர்களாம். வெட்டின பள்ளத்துக்குள் கரி மையைத் தேய்த்து, ஈரக் கடதாசியை வைத்து அழுத்தினால் வேலை கடதாசியில் வந்துவிடும். சாமான் விற்றுப் போனாலும் மாதிரி கையில் நிற்கும். அப்படியே பழகி, பிறகு படத்துக்கென்றே செப்புத் தகடு வெட்டத் தொடங்கினார்களாம். இந்த ஊர்ப் பெரிய ஓவியர் டூரருடைய அப்பாவும் பத்தர்தான். மகனும் முதலில் தகப்பனின் பட்டறையில்தான் இருந்தாராம்.

எங்கள் அறையில் இருக்கிற படங்களை வெட்டினவருக்குப் பெயர் தெரியாது. மூலையில் ஒரு சின்னச் சுத்தியல் வெட்டி வைப்பார். அதனால் சுத்தியல்காரன் என்றே சொல்கிறார்கள்.

“என்ரை அண்ணாவும் பத்தர்தான்” என்று சொன்னேன். ஆறு வருடமாக அந்த அறைகளில் கதிரையோடு கதிரையாக இருக்கிற என்னை மனுசி அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தா. பெயர் கேட்டா. இப்போது காலையில் “ஃபிராவ் குகனேஸ்வரி” என்று முழுப் பெயரும் உடைக்காமல் சொல்கிறா.

எந்தக் கோயில் கிண்ணம் அது? என்ன சித்திரம்?

சுகமாக இருங்கோ, அண்ணியிடமும் சொல்லுங்கோ.

ஈசு

*

பலெர்மோ
12.03.2024

அன்புத் தங்கச்சிக்கு, உன் கடிதம் கண்டு சுகம் அறிந்தோம். அண்ணியின் இடுப்பு அப்படியேதான், வேலைக்குப் போகிற சிஞ்ஞோராவின் வீட்டில் துடைக்கிற மாபிள் படிகள் குறையவில்லை.

அந்தப் படங்களைப் பார்த்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன கை! முடியை முடியாகப் பிளந்து வைத்திருக்கிறான் பாவி. அதைப் பார்த்துவிட்டு என் விரலைப் பார்த்தேன். மீன் செதில். எனக்கே அருவருத்துவிட்டது.

ஆசைக்கு ஒரு செப்புத் தகட்டில் வெட்டிப் பார்த்தேன். பிழையாய்ப் போய்விட்டது. எங்கள் வெட்டு வெளிச்சத்துக்கான வெட்டல்லவா? உளியைச் சரித்து, அகலமாக, மேலாக இழுப்போம், பவுணில் பளீரென்று மின்னும். செம்பிலும் அப்படித்தான் மின்னியது, நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மையைத் தேய்த்துத் துடைத்து, கடதாசியை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை! பூனை பிறாண்டின மாதிரி நாலு கீறல். பள்ளம் ஆழமில்லாததால் துடைக்கும்போதே மையெல்லாம் துணியோடு போய்விட்டது. தகட்டில் அழகு, கடதாசியில் வெறுமை. எந்த ஓவியனுக்கும் இந்தப் பிழை வராது, பத்தனுக்குத்தான் வரும்.

அந்த மனுசியிடம் கேட்டு எழுது. எவ்வளவு ஆழம் வெட்டினார்கள்? கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது? இன்னொன்று, சும்மா அறிகிற ஆசைதான். அந்தச் சுத்தியல்காரன் வெட்டினதில் உங்கள் மியூசியத்தில் இல்லாத படம் ஏதும் உண்டா?

கெதியாக எழுது. உடம்பைக் கவனி.

அண்ணா

*

நியூரம்பேர்க்
07.04.2024

அன்புள்ள அண்ணா, இங்கே எல்லாரும் நலம். எனக்கு மூன்று கிழமையாகத் தடிமனும் இருமலும், இப்போது பரவாயில்லை. அங்கே எப்படி?

கேட்டேன். மனுசிக்கு ஒரே சந்தோஷம், ஒரு மணித்தியாலம் விளக்கம். சாய்த்து வெட்டக் கூடாதாம். நேரே, ஒடுக்கமாக, ஆழமாக. கோடு நெல்லுமணி மாதிரி, மெல்லத் தொடங்கி நடுவில் தடித்து மெல்ல முடிய வேண்டும். வளைவு வந்தால் உளிக் கை அசையாது, மற்றக் கை தகட்டைத் திருப்பும். வெட்டின ஓரத்தில் எழும்புகிற பிசிரை வழித்துவிட வேண்டும். “உங்கட அண்ணாவுக்கு இதில பாதி தெரிஞ்சிருக்கும், கேட்டுப் பாருங்கோ” என்றா.

இல்லாத படம் ஒன்று இருக்கிறது. சுத்தியல்காரன் பன்னிரண்டு கன்னிப் புனிதர்களை வெட்டியதாக ஒரு பழைய மடத்துப் பட்டியலில் எழுதியிருக்கிறதாம். பதினொன்று எங்களிடம் உண்டு. வாளும் சக்கரமும் பிடித்த கத்தரின் அம்மாளை மட்டும் உலகத்தில் ஒருவரும் கண்டதில்லை. “அது கிடைச்சால் நான் முழந்தாளில நிப்பன்” என்றா. அந்த வயதில் முழந்தாளில் நின்றால் நான்தான் தூக்க வேண்டி வரும் என்று சொன்னேன், இரண்டு பேரும் சிரித்தோம்.

அண்ணா, எந்தக் கோயில் என்று கேட்டேனே, நீங்கள் அதை மட்டும் விட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

ஈசு

*

நியூரம்பேர்க்
02.06.2024

அண்ணாவுக்கு, நலமா? எட்டுக் கிழமை. சித்திரை போய் வைகாசியும் பாதி போய்விட்டது. உங்களுக்கு வேண்டியது என்றால் ஒன்பது நாளில் கடிதம் வருகிறது, நான் கேட்டால் கல்லில் நார் உரிக்கிற மாதிரி. போன் எடுத்தால் அண்ணி “வேலையில நிக்கிறார்” என்கிறா. ஞாயிற்றுக்கிழமையுமா வேலை?

ஏதும் வருத்தம் துன்பமா? ஒரு வரி போடுங்கோ.

ஈசு

*

பலெர்மோ
16.06.2024

அன்பு மச்சாளுக்கு நாகபூசணி எழுதுவது. நீங்களும் மகனும் சுகம்தானே. உங்கள் அண்ணாவுக்கு வருத்தம் ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

கிண்ணம் கிண்ணம் என்று உங்களுக்கு எழுதினாராம். இந்த வீட்டில் நான் ஒரு கிண்ணமும் காணவில்லை. கைரேகை பார்க்கிற மாதிரி ஒரு செப்புத் தகட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். என் குசினித் துணியெல்லாம் கரி. என் தலையணை உறையில் கறுப்புக் கையடையாளம். அந்தத் தொத்தோரே வந்து போனால் இரண்டு நாளைக்கு வீடு சென்ற் மணக்கும். போன கிழமை ஒரு பழைய செபப் புத்தகம் கொண்டுவந்து வைத்தான். எலி மூத்திர நாற்றம், திறந்தால் பூச்சி ஓடுகிறது. எழுத்தில்லாத தாள்களை மட்டும் பிளேட்டால் அறுத்தெடுக்கிறார்கள். நாங்கள் சைவம்தான் மச்சாள், என்றாலும் கும்பிடுகிற புத்தகத்தை அறுக்கிறதைப் பார்க்க ஏலாமல் நான் குசினிக்குள் போய்விட்டேன்.

கேட்டால், “உனக்கு விளங்காது, எனக்குக் கொந்த்ராத்தோ எழுதித் தரப்போறார், அதில ஒராஃபோ எண்டு போடுவார்” என்கிறார். கொந்த்ராத்தோ என்றால் வேலை ஒப்பந்தம், ஒராஃபோ என்றால் பொற்கொல்லன். அந்த ஒரு சொல்லுக்காக மனுசன் உருகிப்போய் நிற்கிறார். குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் அந்தச் சொல்லோடு பெர்மெஸ்ஸோ எடுத்தால்தான் செத்தாலும் கட்டை வேகுமாம்.

நீங்கள் சொன்னால் கேட்பார். அவரோடு கதைத்துப் பாருங்கோ. மகனுக்கு என் அன்பு.

நாகபூசணி

*

பலெர்மோ
09.07.2024

அன்புத் தங்கச்சிக்கு, நாங்கள் நல்ல சுகம். நீ கோபிக்காதே, வேலை நெருக்கம். கிண்ண வேலை முடிந்தது. அவர்களுக்குத் திருப்தி.

வெயில் கொளுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை தொத்தோரே என்னை மொண்டெல்லோவில் உள்ள தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். கடற்கரை முழுக்க எண்ணெய் பூசின தசை, கால் வைக்க இடமில்லை. தண்ணீரில் ஒரு பக்கம் பிள்ளைகள், மறுபக்கம் பம்பர்ஸ் மிதக்கிறது. சீ! ஆனால் வீட்டுக்குள் என்னைக் கதிரையில் இருத்தி, அவருடைய சிஞ்ஞோரா கையால் கோப்பி தந்தா. குடித்த கோப்பையை நான் எழும்பிக் கழுவப் போய்விட்டேன், பழக்கதோஷம். “லாஷா, மயெஸ்த்ரோ” என்றார். விடுங்கள் வாத்தியாரே என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவன் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

புரட்டாதியில் கொந்த்ராத்தோ தருவார்.

இனி அந்த மனுசியிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். என் கதையும் கதைக்க வேண்டாம். விதுரனுக்கு என் ஆசி.

அண்ணா

*

நியூரம்பேர்க்
04.09.2024

அண்ணாவுக்கு, நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று தெரியும்.

திங்கட்கிழமை ஃபிராவ் ஹோல்ஸர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டா. சுத்தியல்காரனின் ஒவ்வொரு கோடும் எனக்கு மனப்பாடமாகிவிட்டதாம், நானும் பார்க்க வேண்டுமாம். கதவைச் சாத்தினா. கண் கலங்கியிருந்தது. “வந்திட்டா, ஃபிராவ் குகனேஸ்வரி! அதுவும் உங்கட அண்ணாவின்ரை ஊரில இருந்து!” என்றா. மேசையில் கத்தரின் அம்மாள். பலெர்மோவில் ஒரு பழைய குடும்பத்தின் செபப் புத்தகத்துக்குள் இருந்ததாம். ஒரு வியாபாரி அனுப்பியிருக்கிறாராம். மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா அண்ணா.

நான் முகத்தைப் பார்த்தேன், வாளைப் பார்த்தேன், பிறகு ஆடைக் கரையைப் பார்த்தேன். கொடி, மூன்று இலை, ஒரு மொட்டு. மூன்றாவது இலை மட்டும் மொட்டுக்கு மேலால் மடிந்து கிடக்கிறது. என் கையில் கிடக்கிற காப்பு. என் கலியாணத்துக்கு நீங்கள் உங்கள் கையால் வெட்டித் தந்த காப்பு. இருபத்தாறு வருடமாக இதைப் போட்டுக்கொண்டு சமைக்கிறேன், நித்திரை கொள்கிறேன். எனக்குத் தெரியாதா? படத்தில் கொடி மற்றப் பக்கம் ஓடினது, தகட்டிலிருந்து கடதாசிக்கு வரும்போது இடம்வலம் மாறும்தானே. கையைத் தூக்கினேன், அலுமாரிக் கண்ணாடியில் காப்பு தெரிந்தது, கண்ணாடிக்குள் அது படத்தின் பக்கமே ஓடினது. உங்கள் கை தன்பாட்டில் போய்த் தனக்குத் தெரிந்ததை வெட்டிவிட்டது.

மனுசி காணமுன் காப்பைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

போனில் அனுப்பாதே, கடிதத்தில் வை என்றீர்களே, தடயம் இருக்கக் கூடாது என்றுதானே? மியூசியத்தில் இல்லாத படம் எது என்று சும்மா அறிகிற ஆசையா? எந்தப் படத்துக்காக அந்த மனுசி முழந்தாளில் நிற்பா என்று என் வாயால் கேட்டெடுத்து, அதையே வெட்டி, அதே வாசலுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். தூ! என்னை ஆறு வருடத்தில் ஒரு ஆளாகப் பார்த்தது அந்த ஒரு மனுசி. அவவின் ஆசையைத் தூண்டிலில் குத்தினது என் அண்ணா. புழு நான்.

இந்த மாதம் இருபதாம் திகதி படத்தை வாங்குவதா என்று தீர்மானிக்கிற கூட்டம். அதற்கு முன்னம் நீங்களே எழுதுங்கோ, இது என் வேலை என்று. நீங்கள் எழுதாவிட்டால் நான் சொல்லுவேன்.

குகனேஸ்வரி

*

பலெர்மோ
10.09.2024

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்க முடியவில்லை.

யாருக்கு என்ன நட்டம் சொல்லு? அவர்களிடம் பதினொன்று இருக்கிறது, பன்னிரண்டாவது வேண்டுமென்று ஏங்குகிறார்கள். நான் கொடுத்தேன். அந்த மனுசி அழுதது பொய்யா? அது என் வேலையைப் பார்த்துத்தானே அழுதது? சுத்தியல்காரன் வெட்டினால் கலை, கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போடுவார்கள். அருளம்பலம் அதே வெட்டை வெட்டினால் களவு. என்ன வித்தியாசம்? அவனும் பத்தன், நானும் பத்தன். என் வேலையை என் பெயரில் கொண்டுபோயிருந்தால் வாசலில் உன்னை மாதிரி இருக்கிற ஒருத்தி என்னைக் குசினிப் பக்கம் போகச் சொல்லியிருப்பாள்.

புழு என்கிறாய். நான் இருபத்திரண்டு வருடம் புழுவோடுதான் நிற்கிறேன்.

இன்னும் எட்டு நாளில் எனக்குக் கொந்த்ராத்தோ. அது கையில் வந்தால் போதும். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு இரு. படமெடுத்து அனுப்பினது நீ, கேட்டுச் சொன்னது நீ, அதை மறந்து கதைக்காதே. கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுத்தால் உனக்கு அண்ணா என்று ஒருவன் இல்லை.

அந்தக் கரையை நான் வேண்டுமென்று வெட்டவில்லை. அது எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாது.

அருளம்பலம்

*

நியூரம்பேர்க்
24.09.2024

அண்ணாவுக்கு,

சொல்லிவிட்டேன். பதினெட்டாம் திகதி காலையில், காப்பைக் கழற்றி மேசையில் வைத்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். நான் அனுப்பின பதினான்கு படத்தையும் சொன்னேன். நீங்கள் மிரட்டினது சரிதான், எனக்கும் அதில் பங்கு இருக்கிறது. அதையும் சேர்த்தே சொன்னேன்.

ஃபிராவ் ஹோல்ஸர் ஏசவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து நெடுநேரம் காப்பைப் பார்த்தா, பிறகு படத்தைப் பார்த்தா. “எவ்வளவு நல்ல கை” என்று மட்டும் சொன்னா. முகம் புளித்த பால் குடித்த மாதிரி இருந்தது. இப்போது காலையில் தலையை ஆட்டுகிறா, பெயர் சொல்வதில்லை. என்னை அந்த அறையிலிருந்து எடுத்துக் கோட் தொங்கவிடுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். வருகிற ஆட்களின் ஈரக் கோட்டும் நாய் மணக்கிற குடையும் நான் வாங்கி மாட்டுகிறேன். வேலையை விட்டு நிறுத்தவில்லை, அது அவவின் நல்ல மனம்.

காப்பை அவர்கள் விசாரணைக்கு வைத்திருக்கிறார்கள். திருப்பித் தந்தாலும் போடுவேனா தெரியாது. கையைப் பார்க்கவே அரியண்டமாக இருக்கிறது.

அண்ணியைப் பார்த்துக்கொள்ளுங்கோ. அவவிலே ஒரு பிழையும் இல்லை.

ஈசு

*

பலெர்மோ
17.11.2024

ஈசு,

அண்ணா இல்லை என்று எழுதிவிட்டு எந்த முகத்தோடு எழுதுகிறேன் என்று நினைப்பாய். உன் முழங்கால் எப்படி? குளிர் தொடங்கியிருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். கொந்த்ராத்தோ வரவில்லை. பதினெட்டாம் திகதிக்குப் பிறகு தொத்தோரே என் போனை எடுக்கவில்லை. ஐப்பசி நடுப்பகுதியில் கராபினியேரிப் பொலிஸ்காரர் இரண்டு பேர் ரெஸ்டோரன்ட் பின்கதவால் வந்தார்கள். நான் கணவாய் மையில் முழங்கை வரை கறுப்பாக நிற்கிறேன். முதலாளி எல்லாருக்கும் முன்னால், “அழுக்கைக் கழுவ வைச்சால் அழுக்காய்ப் போனான்” என்றார். அன்றைக்கே நிறுத்திவிட்டார். இப்போது கோப்பை கழுவுகிறவனும் இல்லை.

விசாரணையில் மொழிபெயர்க்க எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்று வந்தது, அமலினி என்று பெயர். இங்கே பிறந்த பிள்ளை. எனக்கு அதன் முகத்தைப் பார்க்கவே கூச்சம். விசாரித்த பொலிஸ் அதிகாரி, மரெஷாலோ, ஒரு தாளை எடுத்து வாசித்தார். அது தொத்தோரே கொடுத்த வாக்குமூலம். தான் ஒன்றும் அறியாத வியாபாரியாம், நான்தான் பழைய படம் என்று கொண்டுபோய்க் கொடுத்து ஏமாற்றினேனாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கோபம் வர வேண்டும் அல்லவா? வந்தது. அந்த நாய் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டது கண்ணுக்குள் வந்து நின்றது.

அப்போது அமலினி சொல்கிறது, “அங்கிள், உங்களைப் பற்றி இதில எழுதியிருக்குது. ‘அருளம்பலம், ஐம்பத்தினாலு வயது, தொழில் ஒராஃபோ. மிகவும் அபூர்வமான திறமை உள்ள பொற்கொல்லன்’ எண்டு.”

தன்னைக் காப்பாற்ற அந்த ஆள் அதை எழுத வேண்டி வந்திருக்கிறது. என் கைக்குத் திறமை இருந்தால்தானே அவன் ஏமாந்தவன் ஆகலாம்? கீழே முத்திரை குத்தி, கையெழுத்து வைத்து, அரசாங்கக் கடதாசியில்.

நான் என்ன செய்தேன் தெரியுமா ஈசு? “பிள்ளை, அந்த இடத்தை இன்னொருக்கா வாசிக்கச் சொல்லும்” என்றேன். அந்தப் பிள்ளை என்னை ஒருமாதிரிப் பார்த்தது. மரெஷாலோவும் பார்த்தார். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து அவர் மெதுவாக, சொல்லுச் சொல்லாக, இரண்டாம் தரம் வாசித்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டேன். உன்னைக் கோட் மாட்ட வைத்துவிட்டு, அந்த மனுசியை அழ வைத்துவிட்டு, நாகபூசணியின் முகத்தைத் தெருவில் காட்ட முடியாமல் செய்துவிட்டு நிற்கிற ஆள் நான். எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது.

வக்கீலிடம் சொல்லி ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வழக்குக்குத் தேவை என்று நாகபூசணியிடம் சொன்னேன். பொய். ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்க்கிறேன். என்னை நினைக்க எனக்கே ஓங்காளிக்கிறது, ஆனாலும் எடுத்துப் பார்க்கிறேன்.

நீ செய்தது சரி. இரண்டு வரி ஏசியாவது எழுது.

அருளம்பலம்